நிழலும் சட்டமும்

நம் காலத்து மனிதர் தம் சட்டைப் பையில் ஆயிரக்கணக்கான படங்களைச் சுமந்து திரிகின்றனர். திருமணம், பெருநாள், பயணம், மழை, மாலை வெயில் என்று எதனையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. கைப்பேசியை உயர்த்துகின்றனர்; படம் வந்துவிடுகிறது. ஆனால் அவர்தம் வீட்டுக் கூடத்தில் சென்று பார்த்தால், சுவரில் தொங்குவது பெரும்பாலும் பாட்டனார் காலத்துப் படம் ஒன்றும், கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி ஒன்றுமேயாகும். பாட்டனார் தம் வாழ்நாளில் இரண்டு முறையோ மூன்று முறையோதான் படம் எடுத்திருப்பார். அவற்றுள் ஒன்று எஞ்சி நிற்கிறது. பேரனோ ஒரே நாளில் முப்பது படம் எடுக்கிறான். அம்முப்பதில் ஒன்றேனும் அவனுடைய பேரனுக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

இந்நிலை எவ்வாறு வந்தது? படத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். படம் மலிவாகும்தோறும் அது மேலும் பலரைச் சென்றடைந்தது. அவ்வாறு சென்றடைந்தபோதெல்லாம் அதன் ஆயுளைப் பற்றிய கவலை மனிதருக்குக் குறைந்துகொண்டே வந்தது. அரியதாக இருந்தபோது பெட்டியிலிட்டுக் காத்தனர். எளிதாகக் கிடைத்தபோது எங்கேயோ போட்டுவிட்டனர். இவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பதும், கைப்பேசிப் படத்தைச் சிறு செலவில் சட்டமிட்டு நிலைக்கச் செய்யும் வழியை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்து சுவருக்கு வந்தது

சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் முஸ்லிம் உலகில் நிழற்படத்தோடு தொடங்கியதன்று. அழகிய எழுத்தே முதலில் சுவருக்கு வந்தது. ஏட்டுக்குள் இருந்த எழுத்தைத் தனிப் பலகையில் எழுதி மாட்டும் கலையை உதுமானியத் துருக்கியர் பெரிதும் வளர்த்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'லவ்ஹா' என்பது. பலகை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே இது.

இஸ்தான்புல் நகரின் எழுத்துக் கலைஞரான ஹாஃபிள் உஸ்மான் (1642–1698) 'ஹில்யா' என்னும் அமைப்பைச் செம்மைப்படுத்தியவர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் விவரிக்கும் அறிவிப்பை நடுவட்டத்தில் எழுதி, அதனைச் சுற்றி நான்கு கலீஃபாக்களின் பெயர்களை அமைப்பது இம்முறை. உருவம் வரையக் கூடாத இடத்தில் சொல்லாலேயே ஒரு வடிவத்தைக் கண்முன் நிறுத்திய அருங்கலை இது. பின்னாளில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அயா சோஃபியாவின் உட்புறத்தில் ஏழரை மீட்டர் விட்டமுள்ள எட்டு வட்டப் பலகைகளைக் கஸஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி (1801–1876) எழுதினார். அவை இன்றும் காண்போரை வியக்கவைக்கின்றன.

இக்கலைஞர்கள் ஓர் எழுத்தைப் பல முறை படியெடுக்கவும் வழி கண்டிருந்தனர். தாளில் எழுதிய எழுத்தின் விளிம்பு நெடுக ஊசியால் நுண்துளையிடுவர். அத்தாளைப் பலகைமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால், துளைவழியே தூள் இறங்கி எழுத்தின் உருவரை பலகையில் படியும். அதன்பின் பொன்மையால் நிரப்புவர். ஓர் ஆசிரியரின் எழுத்து பல சுவர்களுக்குச் செல்ல இது வழி செய்தது. ஆயினும் ஒவ்வொரு பலகைக்கும் கைவேலை வேண்டியிருந்தது. நாளும் கூலியும் மிகுந்தன. கைபடாமல் தானே படியும் ஒரு படத்திற்கு உலகம் இன்னும் காத்திருந்தது.

இருட்டறையில் விழுந்த ஒளி

அத்தகைய படத்திற்கு மூலமான அறிவை நாம் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965–1040) அவர்களிடம் காண்கிறோம். இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் ஒன்றோடொன்று கலவாமல் எதிர்ச்சுவரில் தனித்தனியே விழுவதை அவர் ஆராய்ந்தார். கிரகணத்தின்போது சிறு துளைவழியே வரும் ஞாயிற்றின் ஒளி பிறை வடிவமாக விழுவது ஏன் என்று தனி நூலே எழுதினார். 'கிதாபுல் மனாளிர்' என்னும் அவருடைய பெருநூல் இலத்தீனத்தில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்க்குப் பல நூற்றாண்டுகள் வழிகாட்டியது.

ஈண்டு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. 'கமரா' என்னும் சொல் அரபியிலிருந்து பிறந்தது என்று நம்மவர் சிலர் பெருமையாகக் கூறுவர். அது பொருந்தாது. வளைகூரை அறையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லே அது. இப்னுல் ஹைதமின் பெருமை அவருடைய ஆராய்ச்சியில் இருக்கிறது. அதற்குச் சொற்பிறப்பின் துணை வேண்டியதில்லை. மேலும், அவர் கண்டது இருட்டறையில் விழும் ஒளியை. விழுந்த ஒளியை அழியாமல் நிறுத்திவைக்கும் வழி அதற்குப்பின் எட்டு நூற்றாண்டுகள் கழிந்தே கிடைத்தது.

நிழல் நின்றது

பிரான்சு நாட்டின் நீப்சு என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், நிலக்கீல் தடவிய ஈயக் கலவைத் தகடொன்றைத் தம் வீட்டுச் சன்னலை நோக்கிய பெட்டியில் வைத்தார். பல மணி நேரம் வெயிலுண்டபின் கூரைகளின் மங்கலான உருவம் அதில் நின்றது. இயற்கைக் காட்சியைக் காட்டும் நிழற்படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுவே.

அவருடன் கூட்டுச் சேர்ந்திருந்த தகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிக்கும் முறையைக் கண்டார். 1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் பாரிசில் அம்முறை உலகறிய விளக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு ஓவியர் இருவர் அக்கருவியோடு எகிப்துக்குச் சென்று, அலெக்ஸாந்திரியாவில் முஹம்மத் அலீ பாஷாவின் அரண்மனையைப் படம் பிடித்தனர். மூன்று மாதத்திற்குள் ஒரு புதுக்கலை கடல் கடந்துவிட்டது.

தகேரின் படம் மிக நுட்பமானது. ஆனால் விரல் பட்டால் அழிந்துவிடும். ஆகவே கண்ணாடியும் ஓரக்கட்டும் மூடுபெட்டியும் சேர்த்தே அதனை விற்றனர். வாசகர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிழற்படத்திற்குச் சட்டம் அணியாக வந்ததன்று, காப்பாகவே வந்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தகடுகள் இன்றும் தெளிவாக விளங்குவதற்கு அக்கண்ணாடியும் பெட்டியுமே பெருங்காரணம்.

அத்தகட்டுக்கு மற்றொரு குறையும் உண்டு. ஒரு முறை எடுத்தால் ஒரு படமே, படியெடுக்க இயலாது. இக்குறையை இங்கிலாந்தின் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற தம் முறையால் நீக்கினார். ஒளியும் இருளும் மாறித் தோன்றும் எதிர்ப்படத்தைத் தாளில் எடுத்து, அதிலிருந்து வேண்டிய படிகளைப் பெறலாம் என்று அவர் காட்டினார். 1851இல் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எதுவும் கோராமல் உலகுக்கே வழங்கிவிட்டு, 1857இல் வறுமையில் மறைந்தார். படம் மலிவானதற்கு அப்பெருந்தகை நன்றிக்குரியவர்.

ஒரு தகட்டில் எட்டு

மலிவுக்கு மிகப் பெரிய வழியைத் திறந்தவர் பாரிசின் திஸ்தேரி. ஒரு பெரிய தகட்டைப் பகுத்து, பல வில்லைகள் கொண்ட கருவியால் எட்டுச் சிறு படங்கள் வரை எடுக்கும் முறைக்கு 1854இல் அவர் உரிமம் பெற்றார். தகடு ஒன்று, தாள் ஒன்று, வேலை ஒன்று, படமோ எட்டு. ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமுமுள்ள அட்டையில் அவற்றை ஒட்டிக் கொடுத்தனர். செல்வர் மட்டுமே எடுத்துவந்த படத்தை நடுத்தரக் குடும்பத்தினரும் எடுக்கலாயினர். அட்டைகளைச் செருகிவைக்கும் ஏடுகளும் இதனாற் பெருகின.

ஹரமைன் படங்கள்

இக்காலத்தில்தான் முஸ்லிம் உலகின் உள்ளத்திற்கு நெருக்கமான படங்கள் தோன்றின. எகிப்தியப் படையின் பொறியாளரான முஹம்மத் ஸாதிக் பே 1861ஆம் ஆண்டு மதீனாவிற்கு நில அளவைக்காகச் சென்றபோது அந்நகரைப் படம் பிடித்தார். மதீனாவின் முதல் நிழற்படங்கள் அவையே. 1880இல் எகிப்திய மஹ்மல் குழுவின் பொருளாளராகச் சென்ற அவர் மக்காவையும் கஃபாவையும் எடுத்தார். வெயிலும் புழுதியும் நிறைந்த வழியில் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்து சென்று எடுத்த படங்கள் அவை. 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அவற்றுக்குப் பதக்கம் கிடைத்தது. பிற்காலத்தில் எத்தனையோ இல்லங்களின் சுவர்களில் இடம்பெற்ற ஹரம் ஷரீஃப் படங்களுக்கெல்லாம் அவையே முன்னோடி.

மக்காவாசி ஒருவரின் பணியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அஸ்ஸையித் அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவர் 1880களில் தம் நகரைத் தாமே படம் பிடித்தார். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1889இல் வெளியிட்ட மக்காப் படத் தொகுதியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. ஆனால் படங்களில் அரபியில் அவர் பொறித்திருந்த பெயர் அத்தொகுதியில் நீக்கப்பட்டிருந்தது. அதனால் மக்காவின் முதல் நிழற்படக் கலைஞர் யாரென்று உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. படம் எஞ்சினாலும் பெயர் எஞ்சாவிட்டால் பாதி வரலாறு போய்விடுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் தமிழகத்திலும் அக்கலை அப்போதே கால்கொண்டது. 1856இல் சென்னையில் நிழற்படச் சங்கம் அமைந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1857–58இல் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றிப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறித்த கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு சுருளாக்கினார். கல்லில் இருந்த எழுத்தைத் தாளில் படிக்க வைத்த பெருமுயற்சி அது. ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசின் பொருள்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். அரசுக்கே ஆடம்பரமாகத் தோன்றிய ஒன்று அன்று குடிமக்களுக்கு எட்டாக்கனியாக இருந்ததில் வியப்பில்லை.

பெயரில் ஒளிந்த பொருள்

நிழற்படம் பரவியபோது மார்க்க அறிஞரிடையே ஒரு கேள்வி எழுந்தது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதற்குரிய விலக்கு இதற்கும் பொருந்துமா என்பதே அது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீயீ இதுபற்றித் தனி நூல் இயற்றினார். நிழற்படம் புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று. இறைவன் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்பது அவர் கருத்து. தேவ்பந்த் மரபைச் சேர்ந்த முஃப்தி முஹம்மத் ஷஃபீ போன்ற பெரியோர்கள் இதனை ஏற்கவில்லை. கருவி எதுவாயினும் உருவம் உருவமே என்று அவர்கள் எழுதினர். இக்கருத்து வேறுபாட்டில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவரவர் தம் ஆலிம்களைப் பின்பற்றுக.

எனினும் மொழி ஆராய்ச்சியில் ஈடுபாடுடையோர்க்கு இவ்விடத்தில் ஒரு சுவை உண்டு. பழைய அரபு எழுத்தாளர் இக்கலையை 'தஸ்வீர் ஷம்ஸீ', அதாவது ஞாயிற்றால் வரைதல், என்றனர். பாரசீகரும் உருதுவாளரும் எதிரொளி என்னும் பொருளில் 'அக்ஸ்' என்றனர். தமிழ் இதனை நிழற்படம் என்றது. ஷைக் பகீத் தம் வாதத்திற்கு அடிப்படையாகக் கொண்ட நிழல் என்னும் சொல் தமிழரின் சொல்லிலேயே அமைந்திருப்பது நம் கவனத்திற்குரியது.

உயிரற்றவற்றின் படங்களில், அதாவது மரம், மலை, கடல், கட்டடம், எழுத்து ஆகியவற்றில், இரு சாராரிடையேயும் பிணக்கில்லை. ஆகவேதான் நம் இல்லச் சுவர்களில் ஹரமைன் காட்சிகளும் திருவசன எழுத்துகளும் இடம்பெற்றன. சிவகாசி அச்சகங்கள் அவற்றை வண்ண நாட்காட்டிகளாக அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பின. ஆண்டு முடிந்தபின் நாள்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, மேற்படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிய குடும்பங்கள் பல. சிறு செலவில் சுவரை அழகு செய்யும் அறிவு நம் தாய்மார்க்குப் புதியதன்று.

ஒரு டாலர் பெட்டி

அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கொடாக் பெட்டியை வெளியிட்டார். விலை 25 டாலர். நூறு படத்திற்குரிய சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களும் புதுச் சுருளும் வந்து சேரும். 1900ஆம் ஆண்டில் 'பிரவுனி' என்னும் அட்டைப் பெட்டிக் கருவி ஒரே டாலருக்கு வந்தது. பள்ளிச் சிறுவரும் படம் எடுக்கும் நிலை உண்டாயிற்று. அதுவரை நிழற்படக்காரரின் கையில் இருந்த கலை இவ்வாறு இல்லத்தாரின் கைக்கு மாறியது.

1942இல் கொடாக் நிறுவனம் வண்ண எதிர்ப்படச் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் முதற்பத்தாண்டுகளின் வண்ணப் படங்கள் விரைவில் மஞ்சளித்து மங்கிப்போயின. நம் இல்லங்களில் உள்ள 1970, 1980களின் திருமணப் படங்கள் பல செம்மை படர்ந்து தோன்றுவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அக்காலத்து வண்ணத் தாளில் நீலச் சாயல் தரும் சாயம் பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் சிதையும் இயல்புடையதாக இருந்தது. நீலம் குறையவே சிவப்பு மேலோங்கிற்று. அவற்றுக்கு முற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களோ வெள்ளித் துகளால் ஆனவை. அதனால் இன்றும் பல தெளிவாக நிற்கின்றன. பேரனின் திருமணப் படம் மங்கிவிட்டது. பாட்டனாரின் படம் மங்கவில்லை.

பைக்குள் புகுந்த கருவி

சுருளே இல்லாத படத்தை 1975இல் கொடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் எடுத்தார். அப்படத்தில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கமரா பொருத்திய கைப்பேசியைக் கொண்டுவந்தது. அதன் படத்தில் 1,10,000 புள்ளிகள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. அக்கணக்கில் அப்படத்தைத் தாளில் அச்சிட்டால் ஒரு தபால் தலை அளவே வரும். அதனைச் சுவரில் மாட்டுவதை அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் படத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் உள்ளன. நீளத்தில் 4000, அகலத்தில் 3000. மேற்சொன்ன கணக்கின்படி 13 அங்குலத்திற்கு 10 அங்குலம் வரை குறையின்றி அச்சிடலாம். நான்கைந்து அடி தள்ளி நின்று காணும் படத்திற்கு இதில் பாதி அடர்த்தியே போதும். அப்போது அளவும் இருமடங்காகும். டிரைப் வண்டியில் ஏற்றிச் சென்ற சுமையெல்லாம் இன்று ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. 2012இல் கொடாக் நிறுவனமே நொடிப்பு அறிவித்தது என்றால் மாற்றத்தின் வேகத்தை உணரலாம்.

ஆனால் கைப்பேசி தொலைந்தால் படம் தொலைகிறது. பழுதானால் அழிகிறது. எங்கோ உள்ள கணினியில் சேமித்துவைத்தாலும், கடவுச்சொல்லை அறிந்தவர் மறைந்தபின் மக்கள் அதனைத் திறக்க வழியின்றித் தவிக்கின்றனர். தாளில் நின்ற படத்திற்கோ கடவுச்சொல் தேவையில்லை.

செய்முறை

கைப்பேசிப் படத்தைச் சுவர்ப்படமாக்கும் முறையை இனிச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, அச்சகத்திற்கு மூலப் படத்தையே தர வேண்டும். செய்திச் செயலிகள் அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். நீளத்தில் 1600 புள்ளிகளாகச் சுருங்கிய படம் ஐந்து அங்குலத்திற்கு மேல் அச்சில் தெளிவிழக்கும். ஆவணமாக அனுப்பினால் இச்சுருக்கம் நேராது.

இரண்டாவது, அளவைத் தேர்தல். கைப்பேசிப் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று என்னும் விகிதமுடையது. அதனை 8க்கு 12 அளவில் அச்சிடச் சொன்னால் ஓரங்கள் வெட்டுப்படும். 9க்கு 12 அளவே அதற்குப் பொருந்தும். அச்சகங்களில் 12க்கு 18 அங்குலத் தாள் வழக்கிலுள்ளது. அதில் 9க்கு 12 அளவுள்ள இரண்டு படங்களை அருகருகே அமைத்தால் தாள் சிறிதும் வீணாகாது. ஒரு தாள் செலவில் இரு சுவர்ப்படம் கிடைக்கும். திஸ்தேரி 1854இல் கண்ட சிக்கனம் இன்றும் பயன்படுவதைக் காண்க.

மூன்றாவது, தாளும் மையும். பளபளப்பான தாள் கண்ணாடிக்குள் இருக்கும்போது ஒளியை இருமுறை எதிரொளிக்கும். மங்கல் தாளே கண்ணுக்கு இதமானது. சாய மையைவிட நிறமித் துகள் மை ஒளியில் நெடுநாள் தாங்கும். கைப்பேசித் திரை தானே ஒளிவிடுவது, தாள் அவ்வாறன்று. ஆகவே திரையில் அளவாகத் தோன்றும் படம் தாளில் இருண்டு வரும். முதலில் நான்குக்கு ஆறு அளவில் ஒரு படி எடுத்துப் பார்த்து, வேண்டுமாயின் சற்று வெளிச்சம் கூட்டிய பின்னர் பெரிதாக அச்சிடுவது அறிவுடைமை.

நான்காவது, சட்டம். அளவெடுத்துச் செய்யும் சட்டத்தைவிடக் கடையில் ஆயத்தமாக உள்ள சட்டம் மலிவானது. 9க்கு 12 படத்திற்கு 12க்கு 16 சட்டம் வாங்கினால், பக்கவாட்டில் ஒன்றரை அங்குலமும் மேலும் கீழும் இரண்டு அங்குலமும் மவுண்ட் அட்டை வைக்கலாம். அவ்வட்டை அழகுக்கு மட்டுமன்று. படம் கண்ணாடியைத் தொடாமல் அது காக்கிறது. தொட்டால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். அமிலமற்ற அட்டை கிடைக்குமாயின் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தேனும் அதனையே வாங்குக. ஒட்டுநாடாவால் நான்கு புறமும் ஒட்டற்க. அது நாளடைவில் மஞ்சளித்துப் படத்தையும் கறைப்படுத்தும். மேல்விளிம்பில் மட்டும் இரு தாள்துண்டுகளால் பிணைத்தால், ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் தாளுக்கு இடமிருக்கும்.

ஐந்தாவது, மாட்டும் இடம். நேர் வெயில் படும் சுவரும் மழைநீர் ஊறும் சுவரும் ஆகா. சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று ஊடாடும். கறையானும் பூஞ்சையும் எளிதில் அணுகா. வீட்டில் கிடக்கும் பழைய சட்டங்களைத் துடைத்துப் புதுப்பித்துக்கொள்வதும் தக்கதே. ஆனால் அதனுள் இருக்கும் பழைய படத்தை எறிந்துவிடக் கூடாது. முதலில் அதனைக் கைப்பேசியால் நல்ல வெளிச்சத்தில் படியெடுத்து வைக்க வேண்டும்.

எதனை மாட்டுவது?

முடிவாக நம் உள்ளத்தில் உள்ளதைக் கூறுகிறோம். ஆயிரம் படங்களுள் எதனைத் தேர்வது என்பதே இன்றைய இடர்ப்பாடு. தகேர் காலத்தில் விலையே தேர்ந்து கொடுத்தது. இப்போது நாமே தேர வேண்டும்.

நம் ஊர்களில் மறைந்துகொண்டிருப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கற்றூண் பள்ளிகள், பாட்டனார் கட்டிய வீட்டின் செதுக்குக் கதவு, மீஸான் கல்லில் பொறித்த எழுத்து, உஸ்தாத் தம் மாணவர்க்கு எழுதிக் கொடுத்த இஜாஸா, பாட்டியார் ஓதிவந்த அரபுத்தமிழ் ஏடு ஆகியவை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. வீடு இடிகிறது. ஏடு செல்லரிக்கிறது. கல் மண்ணில் புதைகிறது. அரபுத்தமிழ் ஏட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துச் சட்டமிட்டு மாட்டினால், அவ்வீட்டுப் பிள்ளை ஒரு நாள் அதன்முன் நின்று, இவ்வெழுத்து அரபி. ஆனால் மொழி தமிழாக இருக்கிறதே என்று கேட்கும். அக்கேள்வியில் ஒரு பாடமே தொடங்கிவிடும். உயிருருவம் பற்றிய தயக்கமும் இப்படங்களில் இல்லை.

படத்தை மாட்டுமுன் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. நம் முன்னோரான ஏடெழுதுவோர், நூலை எழுதி முடித்ததும் தம் பெயரையும் ஊரையும் நாளையும் இறுதியில் பொறித்தனர். அதனால்தான் பல நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களை அறிகிறோம். மக்காவின் அப்துல் கஃப்பாருக்கோ பொறித்த பெயரும் பறிபோனது. ஆகவே சட்டத்தின் பின்னட்டையில், இது எந்த இடம், எந்த நாள், எடுத்தவர் யார், ஏட்டுக்கு உரியவர் யார் என்பதைக் கரிக்கோலால் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சுவருக்குச் சுண்ணம் அடிக்க அச்சட்டத்தைக் கழற்றும் பேரன் அதனைத் திருப்பிப் பார்ப்பான். தன் முன்னோரின் பெயரை அங்கே படிப்பான்.